கிறிஸ்துவில் நிலைத்திருத்தலும் குணத்தில் வளர்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில் சீஷர்களோடு பேசியவை யோவான் எழுதின சுவிசேஷத்தில் 13-ஆம் அதிகாரம் தொடங்கி வரிசையாக வருகின்றன. அவற்றுள் 15-ஆம் அதிகாரத்தில் அவர் தம்மை மெய்யான திராட்சச்செடி என்றும், பிதாவைத் தோட்டக்காரர் என்றும், சீஷர்களைக் கொடிகள் என்றும் சொல்லி, "என்னில் நிலைத்திருங்கள், நானும் உங்களில் நிலைத்திருப்பேன்" என்கிறார். நிலைத்திருக்கிற கொடி கனி கொடுக்கும் என்பது அவருடைய வாக்கு. அந்தக் கனி ஒரு விசுவாசியின் குணத்தில் எப்படித் தென்படும் என்பதைப் பவுல் கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று எழுதுகிறார். இவ்விரண்டு பகுதிகளையும் ஒட்டி வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கிறிஸ்துவில் நிலைத்திருப்பது என்றால் நடைமுறையில் என்ன?

நம்மில் பலர் இதை ஓர் உள்ளக் கிளர்ச்சியாகவே எண்ணிக்கொள்கிறோம். நற்செய்திக் கூட்டத்தில் பாடும்போது கண்ணீர் பெருகுவதும், முழு இரவு ஜெபத்தின் முடிவில் மனபாரம் இறங்குவதும் நல்ல அனுபவங்களே. ஆனால் யோவான் 15-இல் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பகுதியை நிதானமாக வாசிப்பவருக்கு வேறு சில காரியங்களே தென்படும். 7-ஆம் வசனம் கிறிஸ்துவின் வார்த்தைகள் நமக்குள் நிலைத்திருப்பதைப் பற்றியும், 9-ஆம் வசனம் அவருடைய அன்பில் நிலைத்திருப்பதைப் பற்றியும், 10-ஆம் வசனம் அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்வதைப் பற்றியும் பேசுகின்றன. அந்தக் கற்பனை எது என்ற கேள்விக்கு, "நான் உங்களில் அன்பாயிருக்கிறதுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருக்கவேண்டும்" என்று 12-ஆம் வசனம் பதில் சொல்லிவிடுகிறது. ஆகவே அவருடைய வார்த்தையைக் கேட்டு, அவர் நம்மை நேசிக்கிறார் என்பதை நம்பி, அருகில் இருக்கும் மனிதரிடம் அதற்கேற்ப நடந்துகொள்வதே நிலைத்திருத்தல். இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த வார்த்தைகளைக் கேட்ட சீஷர்கள் எல்லாரும் அதே இரவில் அவரை விட்டு ஓடிப்போனார்கள். அது நடக்கும் என்று அறிந்திருந்தே அவர் இதைச் சொன்னார். "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்றும் அதே பேச்சில் சொன்னார். அவர்களுடைய பிடி தளர்ந்தபோதும் அவருடைய பிடி தளரவில்லை. நிலைத்திருத்தலைப் பற்றிய எந்தப் போதனையும் இங்கிருந்து தொடங்காவிட்டால், அது சீக்கிரத்தில் மனிதரைப் பயமுறுத்தும் சட்டமாகிவிடும்.

ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றுவிட்டேன். இதற்கு மேலும் ஏதாவது வேண்டுமா?

ஞானஸ்நானமும், அதன்பின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்காகிய திடப்படுத்தலும் தொடக்கம். 2 பேதுரு 1-ஆம் அதிகாரம் ஏற்கெனவே விசுவாசித்தவர்களைப் பார்த்துத்தான், அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய் விசுவாசத்தோடு தைரியத்தையும், ஞானத்தையும், இச்சையடக்கத்தையும், பொறுமையையும், தேவபக்தியையும், சகோதர சிநேகத்தையும், அன்பையும் கூட்டி வழங்கும்படி சொல்லுகிறது.

தினமும் வேதம் வாசிக்கிறேன். ஆனால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் வாசிக்கும் அளவு கூடிவிடுவதுதான் காரணம். ஓர் ஆண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை நல்லதுதான். வேதத்தின் முழு அகலமும் அதனால் பழக்கமாகும். ஆனால் அட்டவணையில் குறி போடுவதற்காகக் கண்ணை ஓட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்கு இணங்க மறுத்த சபைக்குப் போதகர்களைப் பயிற்றுவிக்க 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இறையியல் பள்ளி ஒன்றைப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் நடத்தினார். அங்கே மாணவர்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் அரை மணி நேரம் அமைதியாகத் தியானிக்கவேண்டும். அதுவும் ஒரு வாரம் முழுவதும் ஒரே சிறு பகுதியை. படித்த இளைஞர்களுக்கு அது முதலில் பெரும் சலிப்பாக இருந்தது. 1937-இல் இரகசியக் காவல்துறை அந்தப் பள்ளியை மூடியது. அதன்பின் சிறையிலும் போர்முனையிலும் சிதறிப்போன அந்த மாணவர்களுக்கு எழுதிய கடிதங்களில்கூட அவர் தியானப் பழக்கத்தை விட்டுவிடாதிருக்கும்படி நினைவூட்டினார்.

சிறு பகுதியை எப்படி வாசிப்பது என்பதற்கு மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் முடிவில் வரும் குருடனாகிய பர்திமேயுவின் சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் வாசிப்பில் அது நாம் அறிந்த ஓர் அற்புதக் கதையாகத்தான் இருக்கும். மறுபடியும் மெதுவாக வாசித்தால், ஜனங்கள் அவனை அதட்டிய நேரத்தில் "இயேசு நின்று" அவனை அழைத்துவரச் சொன்னார் என்பது கண்ணில் படும். எருசலேமை நோக்கி, தம்முடைய மரணத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தவர் ஒரு பிச்சைக்காரனுடைய கூப்பாட்டுக்காக நிற்கிறார். மூன்றாம் முறை வாசிக்கும்போது அவர் கேட்ட கேள்வி நிற்கவைக்கும்: நான் உனக்கு என்ன செய்யவேண்டும்? இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அதிகாரத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், 36-ஆம் வசனத்தில் இதே கேள்வியை அவர் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருப்பது தெரியும். கூடவே நடந்த சீஷர் இருவரும் அவருடைய மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் நாற்காலி கேட்டார்கள். வழியோரத்தில் உட்கார்ந்திருந்தவன் பார்வை கேட்டான். இந்த இடத்துக்கு வந்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, அதே கேள்வி இன்று காலை என்னிடம் கேட்கப்பட்டால் என் வாயிலிருந்து எது முதலில் வரும் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் தியானம். அந்த யோசனையே ஜெபமாகவும் மாறிவிடும். ஏழு வசனங்கள், இருபது நிமிடம், இதுவே போதும்.

அப்படி உட்கார நேரமே கிடைப்பதில்லையே?

கைக்குழந்தை வைத்திருக்கும் தாயிடமும், இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் செவிலியரிடமும் அதிகாலை நாலு மணி ஜெபத்தைக் கட்டளையாகச் சொல்வது அன்பற்ற செயல். இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியே ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மை. இராமுழுதும் ஜெபித்ததாக லூக்கா 6:12 சொல்வதும் உண்மை. தனிமையும் பிதாவோடு பேசுதலுமே அவருக்கு முக்கியமாக இருந்தன. கடிகார நேரம் மாறிக்கொண்டே இருந்தது.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் என்பவர், பாத்திரச் சத்தத்துக்கும் ஏவல் குரல்களுக்கும் நடுவே தேவசமுகத்தை நினைத்திருக்கப் பழகினார். ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு இல்லாமற்போயிற்று என்று சொன்னவர் அவர். ஆனால் அவரும் மடத்தின் ஜெபவேளைகளில் மற்றவர்களோடு கலந்துகொண்டவர்தான் என்பதை மறக்கலாகாது. பேருந்தில் போகும்போது ஜெபித்துக்கொள்கிறேன் என்பது, அதைத் தவிர வேறு நேரம் கிடைக்காத வாழ்க்கைப் பருவத்துக்குப் பொருந்தும். கைப்பேசியில் ஒரு மணி நேரம் குறுங்காணொளிகள் பார்க்க நேரம் இருக்கும் பருவத்துக்குப் பொருந்தாது.

புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்வது போதாதா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து வசனம் அச்சிட்ட ஒரு சீட்டை எடுத்து, அதை வீட்டுச் சுவரில் மாட்டி, ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதில் தவறில்லை. வேதத்தை அந்தச் சீட்டளவுக்குக் குறுக்கிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அச்சிடப்படும் வசனங்களில் எரேமியா 29:11 மிகப் பிரபலமானது. சமாதானத்துக்கேதுவான நினைவுகளைக் கர்த்தர் தம்முடைய ஜனத்தைக்குறித்து வைத்திருக்கிறார் என்று அது சொல்லுகிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை: விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் சொன்னது. அதைப் பெற்றவர்களில் பலர் விடுதலையைக் காணாமலே மரித்திருப்பார்கள். அப்படியிருந்தும் அது அவர்களுக்கு நம்பிக்கையின் கடிதம். முழு அதிகாரத்தையும் வாசிக்கிறவருக்குப் பொறுமை பிறக்கும். ஒரு வசனத்தை மட்டும் வாசிக்கிறவருக்கு மார்ச் மாதத்திலேயே ஏமாற்றம் பிறக்கும்.

ஜெபிக்கும்போது எதையும் உணர முடிவதில்லை. தேவன் என்னை விட்டு விலகிவிட்டாரா?

இல்லை. 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதியாக மாறும். இதுவோ தொடக்கம் முதல் முடிவுவரை வேதனையிலேயே நிற்கிறது, கடைசி வசனத்திலும் ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. அப்படிப்பட்ட ஜெபம் வேதாகமத்துக்குள் வைக்கப்பட்டிருப்பதே, உணர்வு வற்றிய நிலையில் ஏறெடுக்கும் ஜெபமும் ஜெபம்தான் என்பதற்கு ஆதாரம். அந்தச் சங்கீதக்காரன் தேவனைக் குற்றஞ்சாட்டுகிறான். ஆனாலும் அவரிடமே பேசிக்கொண்டிருக்கிறான்.

தீர்க்கதரிசியாகிய எலியாவின் கதையும் இவ்விடத்தில் உதவும். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்டவர், மறு அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாகவேண்டுமென்று கேட்கிறார். தேவன் அவரை முதலில் கடிந்துகொள்ளவில்லை, உபதேசிக்கவும் இல்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டு மறுபடி கொடுத்தார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தூதன் சொன்னது இரண்டாம் முறை எழுப்பியபோதுதான். சோர்வுக்கு உடலும் காரணமாக இருக்கலாம் என்பதை நம்முடைய ஜெபக்குழுக்கள் மறந்துவிடுகின்றன. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் நாட்டமில்லாமல், சாவைப் பற்றிய நினைவுகளோடு இருப்பவரிடம் "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று சொல்வது கொடுமை. அவருக்கு மனநல மருத்துவரும் வேண்டும், கூட வந்து உட்கார்ந்திருக்கும் சபையாரும் வேண்டும். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது.

குணத்தை மாற்றுவது தேவனுடைய வேலையா, நம்முடைய வேலையா?

பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தின் 12, 13 வசனங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகின்றன: பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. அவர் செயல்படுகிறார் என்பதனாலேயே நம்முடைய பிரயாசத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். கோபத்தை எடுத்துப்போடும் என்று பத்து ஆண்டுகளாக ஜெபித்துவருகிற ஒரு தகப்பன், அது எந்த நேரத்தில், யாரிடம், எதனால் வருகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை என்றால், அந்த ஜெபத்தில் பாதி இன்னும் ஏறெடுக்கப்படவில்லை. கவனித்தால், மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து பசியோடு வந்து, பிள்ளையின் தேர்வுத்தாளைப் பார்க்கும் வேளையில்தான் அது பெரும்பாலும் வெடிக்கிறது என்பது தெரியவரும். மேலதிகாரியிடம் ஒருபோதும் அது வருவதில்லை என்பதும் தெரியவரும். கோபம் தம்மை மீறி வருகிறது என்று அவர் நம்பியது உண்மையில்லை. திருப்பிப் பேச முடியாதவர்களிடம் மட்டும் அதை அவர் அவிழ்த்துவிடுகிறார். இது தெரிந்த நாளிலிருந்து அவர் ஜெபம் மாறும். சாப்பிட்டு முடிக்கும்வரை தேர்வுத்தாளைக் கையில் எடுப்பதில்லை என்று தீர்மானிப்பார். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்ற யாக்கோபு 1:19-ஐ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிக்கொள்வார். தவறிய நாளில் பிள்ளையிடம் போய், "அப்பா அப்படிக் கத்தியிருக்கக்கூடாது, மன்னிச்சுக்கோ" என்பார். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் அரிது. அதைச் செய்யவைக்கும் மனத்தாழ்மையை யாரும் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. அங்கேதான் ஆவியானவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அற்புதங்களும் வரங்களும் உள்ளவர்கள் குணத்தில் தவறுவது எப்படி?

கொரிந்து சபையைப் பாருங்கள். அவர்களுக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று முதல் அதிகாரத்திலேயே பவுல் எழுதுகிறார். அடுத்த சில வசனங்களில் அவர்களுக்குள் இருந்த கட்சிகளைப் பற்றியும், 6-ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியதைப் பற்றியும் எழுதுகிறார். வரம் கிடைக்க ஒரு நாள் போதும்; குணம் உருவாகப் பல ஆண்டுகள் வேண்டும். மேடையில் வல்லமையாகப் பேசுகிறவரைத் தலைவராக ஏற்கும் முன், அவர் காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறாரா, தம்மிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தைக் காலத்தில் கொடுக்கிறாரா என்று விசாரிப்பதைக் குறைகாணுதல் என்று சிலர் சொல்வார்கள். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் சபைத் தலைவராகிய கண்காணிக்குச் சொல்லும் தகுதிகளில் போதக சமர்த்தைத் தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாமே குணமும் குடும்ப நடத்தையும் பற்றியவைதான்.

உபவாசம் கட்டாயமா?

இயேசு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தம்முடையவர்கள் உபவாசிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே மத்தேயு 6-இல் பேசுகிறார், பிறருக்குத் தெரியாமல் செய்யுங்கள் என்கிறார். ஏசாயா 58-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: வேலைக்காரரை ஒடுக்கிக்கொண்டே உபவாசித்தவர்களைப் பார்த்து, பசியுள்ளவனுக்கு உணவைப் பகிர்ந்துகொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று கர்த்தர் சொல்லுகிறார். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டுவிட்டே ஜெபிக்கலாம்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். நான் உண்மையாகவே கிறிஸ்துவில் இருக்கிறேனா?

அதைப் பற்றி வருந்துகிறீர்கள் என்பதே நல்ல அடையாளம். 1 யோவான் 1:9, "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் மன்னித்துச் சுத்திகரிப்பார் என்கிறது. அது விசுவாசிகளுக்கு எழுதப்பட்ட வசனம், ஒரு முறைக்கு மட்டும் என்று அதில் இல்லை. ஆனால் இரகசியமாக வைத்திருக்கும் பாவத்தை இரகசியமாகவே வெல்லப் பார்ப்பது நம் வழக்கமான தவறு. உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வதை நம் சபைகளில் கேட்டிருக்கிறோமே தவிரச் செய்வதில்லை. சொன்னால் ஊர் முழுவதும் பரவிவிடும் என்ற பயம் அதற்குக் காரணம், அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. ஆகையால் நாவடக்கம் உள்ள ஒருவரை, உங்களைவிட மூத்த ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆபாசக் காணொளி என்றால் இரவில் கைப்பேசி படுக்கையறைக்குள் வரக்கூடாது. மது என்றால் அதற்கான மருத்துவச் சிகிச்சையும், குடியிலிருந்து மீண்டவர்கள் நடத்தும் கூட்டங்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் போவதைத் தேவகிருபைக்கு வெளியே போவதாக நினைக்கவேண்டாம். அந்தப் பாவத்தால் இன்னொருவர் அடிபடுகிறார் என்றால், முதலில் அவருடைய பாதுகாப்பு, பிறகுதான் உங்களுடைய மனச்சமாதானம்.

துன்பங்கள் எல்லாம் தேவன் நம்மைக் கத்தரித்துச் சுத்தம்பண்ணுவதாலா வருகின்றன?

கனி கொடுக்கிற கொடி அதிகக் கனி கொடுக்கும்படி தோட்டக்காரர் அதைச் சுத்தம்பண்ணுகிறார் என்று யோவான் 15:2 சொல்லுகிறது. தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத வசனம். அறுவடை முடிந்த பந்தலில் விவசாயிகள் கவாத்து செய்வார்கள். அந்த வாரத்தில் தோட்டத்துக்குள் போனால், இலையே இல்லாமல் குச்சிகள் மட்டும் கம்பிகளில் கட்டுண்டு கிடக்க, செடி செத்துவிட்டது என்றே வெளியூர்க்காரர் நினைப்பார். ஆனால் திராட்சை புதுத் தளிரில்தான் காய்க்கும். வெட்டாமல் விட்ட கொடி இலையும் தண்டுமாக நீண்டு, காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். கவாத்துக்குப்பின் ஏறக்குறைய நான்கு மாதங்களில் அதே பந்தலில் குலைகள் தொங்கும்.

இந்த வசனத்தை யாரிடம், எப்போது சொல்லுகிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய், தேவன் உங்களைக் கத்தரிக்கிறார் என்று ஆறுதல் சொல்லுகிறவர்கள் துன்பப்பட்ட யோபுவை நீ பாவம் செய்திருப்பாய் என்று குற்றஞ்சாட்டிய நண்பர்களுடைய வேலையைச் செய்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்த இரண்டு பதில்களையுமே இயேசு மறுத்தார். தன் சொந்தத் துன்பத்தைப் பற்றி ஒருவர் தாமே, காலம் கடந்து திரும்பிப் பார்த்து இந்த வசனத்தைச் சொல்லலாம். நெல்லைச் சீமையில் டோனாவூரில் ஆபத்திலிருந்த குழந்தைகளுக்கு அடைக்கலம் நடத்திய ஏமி கார்மைக்கேல் 1931-இல் தவறி விழுந்து அடிபட்டார். 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையை விட்டு வெளியே வர இயலவில்லை. ஓடியாடி உழைத்தவர் அந்த அறையிலிருந்தே எழுதிக் குவித்தார். அவருடைய வலியைக் கடைசிவரை மருந்து முழுமையாகத் தீர்க்கவில்லை. ஏன் இப்படி என்பதற்கு நம்மிடம் விடை இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் தேவையில்லை.

வீட்டிலிருந்தே இணையத்தில் ஆராதனை பார்க்கிறேன். சபைக்குப் போகவேண்டுமா?

நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அது பெரிய உதவி. மற்றவர்கள் போகவேண்டும். நீடியபொறுமையைத் தனியறையில் கற்க முடியாது; நம்மைச் சலிப்பூட்டும் மனிதர் அதற்குத் தேவை, அப்படிப்பட்டவர்கள் எந்தச் சபையிலும் தாராளமாகக் கிடைப்பார்கள். பெரிய சபையாக இருந்தால் ஞாயிறு ஆராதனை மட்டும் போதாது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஆலயக் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காகச் சபையாரைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார். பணம் வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள், குடியும் சண்டையும் அங்கே இருப்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். அன்றுமுதல் அந்தக் குழுக்கள் ஒருவருடைய ஆத்தும நிலையை ஒருவர் விசாரிக்கும் கூட்டங்களாக மாறின. அந்த இயக்கத்தின் முதுகெலும்பாகவே ஆயின.

பக்தியாயிருக்கிறோம், ஆனால் திருமணம் என்று வந்தால் சொந்தச் சாதியில்தானே பார்க்கவேண்டியிருக்கிறது?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மெதுவான குரலில்தான் கேட்கப்படுகிறது. "மறுபடியும் பிறந்த, ஜெபிக்கிற மணமகள் தேவை" என்று தொடங்கும் வரன் விளம்பரம் அடுத்த வரியிலேயே சாதிப் பெயரைக் குறிப்பிடுவதையும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடப் பிரிந்து கிடப்பதையும் நாம் அறிவோம். இது புதிதும் அல்ல. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகளைத் தயக்கமின்றி, உடனடியாக, முற்றிலுமாகக் கைவிடவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கீழ்ப்படிய மறுத்து விலகினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வேறுபாட்டுக்காக வாதாடியவர்களுள் ஒருவர். அவருடைய பக்தி பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆழ்ந்த பக்தியுள்ள ஒருவரிடத்திலும் கிறிஸ்துவின் வார்த்தை நுழையாத ஓர் அறை பூட்டிக் கிடக்கக்கூடும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

எபேசியர் 2:14, கிறிஸ்து பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்தார் என்கிறது. குணத்தில் வளர விரும்புகிறேன் என்று ஜெபிக்கிற பெற்றோர், வரன் தேடும் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவதும், வரதட்சணையை "அவர்களாக விரும்பிச் செய்வது" என்ற பெயரில்கூட வாங்காமல் விடுவதும் பத்து உபவாச ஜெபங்களைவிடக் கடினமாக இருக்கும். உறவினர் பேசுவார்கள். அந்த இடத்தில்தான் நிலைத்திருத்தல் சோதிக்கப்படுகிறது.

நான் வளர்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்மை நாமே அடிக்கடி அளந்து பார்ப்பது பெருமையிலோ சோர்விலோ கொண்டுபோய்விடும். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் இன்னும் பலருக்குக் கைகொடுக்கிறது: நாளின் முடிவில் சில நிமிடங்கள் உட்கார்ந்து, நன்றியோடு தொடங்கி, அன்றைய நாளைக் காலையிலிருந்து மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, எங்கே தேவனுக்கு இணங்கினோம், எங்கே மறுத்தோம் என்று கவனித்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு உதவி கேட்டு முடிப்பது. அவர் கத்தோலிக்கர் என்பதால் சீர்திருத்தச் சபையார் இதை ஒதுக்கவேண்டிய அவசியமில்லை.

அதைவிட நம்பகமான வழி, கூட இருப்பவர்களைக் கேட்பது. வரி வசூலிப்பவராயிருந்த சகேயு மாறிவிட்டார் என்பது அவர் அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலத்தனையாய்த் திரும்பக் கொடுத்தபோது தெரிந்தது. அந்த ஊரில் அதை முதலில் அறிந்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றவர்களாகத்தான் இருப்பார்கள். அதுபோல நம்முடைய சாந்தத்தைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவர்கள் மனைவி, மருமகள், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, கடையில் நமக்குக் கீழே வேலை செய்கிற பையன் ஆகியோர். அவர்கள் உள்ளதைச் சொல்லும்படி நாம் கேட்கத் துணிவதும், சொன்னபின் முகம் சுளிக்காமல் இருப்பதும் வளர்ச்சிதான்.

பல ஆண்டுகளாக விலகிப் போய்விட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

பேதுரு இயேசுவை அறியேன் என்று மூன்றுமுறை மறுதலித்தது கரிநெருப்புக்கு அருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடிந்த பிறகே, என்னை நேசிக்கிறாயா என்று மூன்றுமுறை கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு வேலையையும் கொடுத்தார்.

ஆகவே பெரிய தீர்மானங்கள் எதுவும் வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் மூன்றாவது வாரத்தில் முடிந்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள சபைக்குப் போய்க் கடைசி இருக்கையில் உட்காருங்கள். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். ஊரில் இல்லை என்று சாக்குச் சொல்லாமல், விலகியிருந்தேன், இப்போது வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆராதனை முடிந்ததும் போதகரிடம் தனியாகப் பேச ஒரு நேரம் கேளுங்கள்.